முழங்காலளவு கலை

சென்னையில் சமகாலக் கலைக் கண்காட்சிகளுக்குச் செல்வோரை ஆராயப் புகுபவர் முதலில் சிலரைக் கழித்துவிட வேண்டும்: ஓவியரின் உறவினர், ஓவியம் வாங்கும் வசதி படைத்தோர், திறப்பு விழா மாலையில் சமோசா வரும் நேரத்தைத் துல்லியமாக அறிந்தோர். இவர்களைக் கழித்தபின் எஞ்சுபவரே இங்கு ஆய்வுக்குரியவர். அவர் நாற்பதைத் தாண்டியவர். மாதச் சம்பளத்தில் முதல் பங்கை வீட்டுக் கடன் தவணைக்குக் கொடுப்பவர். கலையை முறையாகக் கற்றவரும் அல்லர், பழிப்பவரும் அல்லர். கண்காட்சிக்கென்றே அவர் வீட்டிலிருந்து புறப்பட்டதாகச் சான்று ஏதும் கிடைப்பதில்லை. வேறொரு வேலையின் ஓரத்தில்தான் அவருக்குக் கலை வாய்க்கிறது.

இதற்கு நகரின் அமைப்பும் துணைசெய்கிறது. லலித் கலா அகாடமியின் மண்டல மையம் அமைந்துள்ள கிரீம்ஸ் சாலை வட்டாரம் ஓவியங்களைக் காட்டிலும் மருத்துவமனைகளுக்கே பெயர்பெற்றது என்பதால், மாமனாரின் ஸ்கேன் அறிக்கை வர இரண்டு மணி நேரம் ஆகும் என்று சொல்லப்பட்டவர், டோக்கன் எடுக்காமல் நுழையக்கூடிய, யாரும் பெயர் சொல்லி அழைக்காத ஓர் இடத்தை நாடி அங்கே வந்து சேர்கிறார். சன்னலற்ற வெண்சுவர்களும் சீரான விளக்கொளியும் கொண்ட இத்தகைய காட்சிக்கூடத்தைக் கலை விமர்சகர்கள் ‘வெள்ளைக் கனசதுரம்’ என்பர். வெளியுலகம் உள்ளே வராதபடி அது கட்டப்பட்டிருப்பதைப் பிரையன் ஓ’டொஹர்ட்டி 1976இல் எழுதிய கட்டுரைகளில் விரிவாக ஆராய்ந்தார். சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவரப்படும் தொலைபேசியை அக்காலத்து ஆய்வு கணக்கில் எடுத்திருக்க இயலாது. “என்னங்க, சிலிண்டர்காரர் வாசல்ல நிக்கிறார், ஓடிபி வந்திருக்கா பாருங்க” என்ற குரலுக்கு விடையாக, அருவ ஓவியம் ஒன்றின் முன் நின்று அவர் எண்களை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லும்போது, அருகிலிருக்கும் கலைக்கல்லூரி மாணவர்கள் அதனை நிகழ்த்துகலை, அதாவது கலைஞரின் உடலும் செயலுமே படைப்பாக அமையும் வகை, என்று கருதி மரியாதையுடன் விலகி நிற்பதும் உண்டு.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நடத்தப்பட்டு 2001இல் வெளியான ஆய்வொன்று, பார்வையாளர் ஒரு படைப்பின் முன் நிற்கும் நேரம் சராசரியாக 27 வினாடிகள் என்று கண்டது. நம்மவர் அதனை எளிதில் விஞ்சிவிடுகிறார். ஆனால் அந்நேரத்தின் பெரும்பகுதி படைப்புக்கன்று, அதனருகே ஒட்டப்பட்டுள்ள சுவர்க்குறிப்புக்கே செல்கிறது. படைப்புகளைத் தேர்ந்து, அடுக்கி, அவற்றுக்குப் பொருள் கூறும் பொறுப்புடைய கியூரேட்டர் எழுதும் இக்குறிப்பில் ஒரு வாக்கியம் தொடங்கிய இடத்தையும் முடியும் இடத்தையும் ஒருங்கே நினைவில் வைத்திருப்பது கடினம். எனினும், வீட்டுக் கடன் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டுவிட்டு அதன் பலனை மாதந்தோறும் அனுபவிப்பவர் ஆதலால், அச்சிட்ட எதையும் இருமுறை படிப்பதென்ற உறுதியில் அவர் பிறழ்வதில்லை.

அவருக்கு நேரும் உண்மையான இடர் வேறு. ஆலையில் செய்த பொருளொன்றைக் கலைஞர் தேர்ந்தெடுத்து வைப்பதாலேயே அது கலையாகிறது என்னும் ‘ரெடிமேட்’ கொள்கையை மார்செல் துஷாம்ப் நிலைநாட்டி, 1917இல் சிறுநீர்க் கழிகலம் ஒன்றை நியூயார்க் கண்காட்சிக்கு அனுப்பிவைத்த நாள் முதலாக, வீட்டுப் பொருள்கள் காட்சிக்கூடங்களுக்குள் குடியேறிக்கொண்டே இருக்கின்றன. வீட்டை இரண்டு மணி நேரம் மறக்க வந்தவரின் எதிரில் வாளியும் குழாயும் கட்டிலும் வந்து நிற்கின்றன. பிளம்பர் வருவதாகச் சொல்லி மூன்று நாளாயிற்று என்பது உடனே நினைவுக்கு வருகிறது. அலுவலகப் பயணச் சலுகையில் குடும்பத்துடன் தில்லி சென்று, கிரண் நாடார் அருங்காட்சியகத்தில் சுபோத் குப்தா 2008இல் படைத்த ‘லைன் ஆஃப் கன்ட்ரோல்’ என்னும் மாபெரும் நிறுவலைக் காண்கையிலும் இதுவே நிகழ்கிறது. நிறுவல் என்பது பொருள்களை ஓரிடத்தில் அமைத்து அந்த இடத்தையே படைப்பாக்கும் கலைவடிவம். இங்கே எவர்சில்வர் பாத்திரங்கள் திரண்டு அணுகுண்டு வெடிப்பின் காளான் மேகமாக எழுந்து நிற்கின்றன. திறனாய்வாளர் அதில் போரையும் எல்லையையும் காண்கின்றனர். நம்மவரோ பாத்திரங்களில் யார் பெயர் வெட்டியிருக்கிறது என்று குனிந்து தேடுகிறார். அவருடைய மனைவி, இத்தனையையும் எடைக்குப் போட்டால் எத்தனை குக்கர் வரும் என்று கணக்கிடுகிறார். இதனை அறியாமை என்று தள்ளுவது அவசர முடிவாகும். மற்றவர் பொருளைத் தாண்டிக் கருத்துக்கு விரையும்போது, பொருளைப் பொருளாகவே பார்த்து அதற்கு உரிய மதிப்பளிப்பவர் இவ்விருவர் மட்டுமே.

இவ்வகையாரின் இயல்பு முழுமையாக வெளிப்பட்ட காலம் என 2016ஆம் ஆண்டின் இறுதியைக் குறிப்பிடலாம். ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் பன்னாட்டுக் கலைவிழாவான கொச்சி–முசிறிஸ் பியனாலே, ஓவியர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் முன்னின்று 2012இல் தொடங்கியது. அதன் மூன்றாம் பதிப்பு திறக்கப்பட்ட 2016 டிசம்பர் 12 அன்றுதான் வர்தா புயல் சென்னையைக் கடந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பே 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவை ஆகியிருந்தன. சாய்ந்த மரத்தை வாசலிலிருந்து அகற்றிவிட்டு, உறவினர் திருமணத்தை முன்னிட்டு எர்ணாகுளம் வந்திறங்கிய சென்னைவாசியிடம் இருந்தது ஒற்றை 2000 ரூபாய்த் தாள். ஃபோர்ட் கொச்சிக்குச் செல்லும் படகின் சில ரூபாய்ச் சீட்டுக்கு அதனை நீட்டுவது அவருக்கே நியாயமாகப் படவில்லை. சில்லறைக்காக அவர் இரண்டு கிலோ நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கினார். அப்பதிப்பின் தலைமை அரங்கான ஆஸ்பின்வால் மாளிகைக்குள் அந்தப் பொட்டலத்துடனேயே நுழைந்தார்.

அங்கே சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரிட்டாவின் ‘துயரக் கடல்’ இருந்தது. 1973 இராணுவப் புரட்சியின்போது கப்பலின் அடித்தளத்தில் அடைக்கப்பட்டுத் துன்புற்ற அக்கவிஞர், பழைய கிடங்கு ஒன்றில் கடல்நீரை நிரப்பி, எதிர்ச்சுவரில் எழுதிய வரிகளைப் படிக்க விரும்புவோர் அந்த நீரில் நடந்தே போகும்படி செய்திருந்தார். துருக்கிக் கரையருகே கடலில் மூழ்கி இறந்த சிரியச் சிறுவன் ஆலன் குர்தியின் படத்தை உலகம் கண்டது. உடன் இறந்த அண்ணன் காலிப்புக்காகவே இப்படைப்பு. வெளிநாட்டுப் பார்வையாளர் நீரின் குளிர்ச்சியை வியந்து மெல்ல அடி வைத்தனர். நம்மவர் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் மடித்து, கைப்பேசியையும் பணப்பையையும் மேற்சட்டைப் பைக்கு மாற்றி, சிப்ஸைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, மூடியில்லாத சாக்கடைத் துளை எதிர்ப்படுமோ என ஒவ்வொரு அடியையும் பெருவிரலால் துழாவியபடி, ஓரத்துச் சுவரை ஒட்டியே நடந்தார். ஓராண்டுக்கு முன், 2015 டிசம்பரில், சென்னை வெள்ளத்தின்போது முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் நடக்க வேண்டியிருந்தவர்கள் கற்ற முறை அது. உடலால் உணரப்பட வேண்டிய கலை என்று கண்காட்சி விவர நூல்கள் பக்கம் பக்கமாக விளக்குவதை அவருடைய பாதங்கள் விளக்கமின்றியே செய்துகொண்டிருந்தன. வரிகளை அவர் இருமுறை படித்தார். இம்முறை அது ஒப்பந்தத்தை நினைத்துப் படித்ததாகத் தெரியவில்லை. திரும்புகையில், தயங்கி நின்ற முதியவர் ஒருவரை முழங்கையைப் பிடித்து அழைத்து வந்ததுடன், உப்புநீர் வெடிப்புக்கு நல்லது என்றும் ஆறுதல் கூறினார்.

காட்சிக்கூடங்களின் வாயிலில் வைக்கப்படும் வருகைப் பதிவேட்டை முழுமையாக நிரப்புவோரும் இவ்வகையாரே. மாணவர் கையெழுத்தோடு நிறுத்திக்கொள்கின்றனர். விமர்சகர் அதனைத் தொடுவதில்லை. இவர் மட்டும் மின்னஞ்சல் முகவரிக்கான கட்டத்தை, கடன் அட்டை விற்போர் கையில் சிக்கிவிடும் என்ற ஐயத்தால் வெறுமையாக விட்டுவிட்டு, கருத்துப் பகுதியில் தெளிவான கையெழுத்தில் எழுதுகிறார்: “படைப்புகள் மிக நன்று. சில புரிந்தன. தரை வழுக்குகிறது, ஒரு பக்கமாவது கைப்பிடி அமைத்தால் முதியோருக்கு உதவும். குடிநீர் கேன் காலியாக உள்ளது.” கீழே தேதியும் ஊரும் இடுகிறார். பொறுப்பாளர் படிப்பாரா என்று உறுதியில்லாததால், கேன் காலியான செய்தியை வெளியேறும்போது காவலாளியிடம் நேரிலும் சொல்லிவிட்டுப் போகிறார்.