புகழுக்கு ஒரு கட்டியங்காரன்

ஊரே மெச்சும் ஒன்றைப் பார்த்துவிட்டு "சுமார்தான்" என்று சொல்வது, பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜியில் உப்பில்லை என்று சொல்வதைவிடக் கஷ்டம். பஜ்ஜி விஷயத்திலாவது நம் கட்சிக்கு நாலு பேர் வருவார்கள்.

பெருமுக்கல்லில் இருக்கும் அக்கா மகனுக்கு ஜப்பானிய அனிமே கார்ட்டூன் என்றால் உயிர். 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படம் தமிழ் பேசிக்கொண்டு தியேட்டருக்கு வந்ததிலிருந்து, குடும்பத்தில் ஒருவரையாவது ரசிகராக்கிவிடுவது என்று கிளம்பிவிட்டான். அக்கா சீரியலை விட்டு நகர மாட்டாள். மாட்டியவன் நான்.

"மாமா, பத்தொன்பதாவது எபிசோட் வரைக்கும் பொறுத்துக்கோங்க. அதுக்கப்புறம் நீங்க பழைய மாமாவா இருக்க மாட்டீங்க."

கொயோஹாரு கோதோகே வரைந்த 'டீமன் ஸ்லேயர்' சித்திரக்கதையை யூஃபோடேபிள் நிறுவனம் 2019இல் 26 பாகத் தொடராக எடுத்தது. ஆகஸ்ட் 10ஆம் தேதி ஒளிபரப்பான 19ஆவது பாகம்தான் உலகத்தைப் புரட்டிப்போட்டதாம். நானும் குறுக்கு வழியில் போகாமல் பதினெட்டையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, புரட்டிப்போட வசதியாகச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மருமகன் திரையைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். புல்லரிக்கிறதா என்று நடுநடுவே என் கையையும் பார்த்தான். இப்படி ஒருவன் காவல் நின்றால் மயிர்க்கால் எப்படி நிமிரும்?

திரையில் நடப்பது இது. நாயகன் தான்ஜிரோ. தங்கை நெசுகோ அரக்கியாக மாறிவிட்டாலும் அவளைப் பெட்டியில் வைத்து முதுகில் சுமக்கிற அண்ணன். சிலந்தி நூலால் ஆளை அறுக்கும் ரூயி என்ற அரக்கன் அவளைத் தன் தங்கையாக்கிக்கொள்ளப் பார்க்கிறான். சண்டையில் தான்ஜிரோவின் வாள் உடைகிறது. சாகப்போகும் நேரத்தில் செத்துப்போன அப்பா நினைவில் வருகிறார். அம்மா தங்கையின் கனவில் வருகிறாள். தங்கையின் ரத்தம் தீப்பிடித்து எரிகிறது. பாட்டு ஆரம்பிக்கிறது. ரூயியின் தலை பறக்கிறது.

வரைந்தவர்களுக்குக் கும்பிடு. தீயும் தண்ணீரும் அப்படிப் பாய்கின்றன. ஆனால் 1961இல் வந்த 'பாசமலர்' தொடங்கி, அண்ணன் தங்கை விஷயத்தில் முறையாக அழுது பயிற்சி பெற்ற சமூகம் நாம். ஒரு பாட்டுக்கெல்லாம் அசைந்துவிட முடியாது.

எனக்கு உண்மையில் குறை பட்டது அந்த அப்பா விஷயத்தில். நோயாளி மனிதர். பனி கொட்டும் ராத்திரியில், பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை நெருப்புத் தெய்வத்துக்கு ஆடுகிறார். சோர்ந்துபோகாமல் இருக்க மூச்சில் ஒரு சூட்சுமம் வைத்திருக்கிறார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்து முடிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது!

விழுப்புரம் பக்கத்து ஆளிடம் இது நடக்குமா? எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில், கிரீடமும் புஜக்கட்டையும் சுமந்துகொண்டு கூத்துக்காரர் விடிய விடிய என்றால் விடிய விடியத்தான் ஆடுவார். அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவதற்குள் இரண்டு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். பதினெட்டாம் போரில் துரியோதனன் சாவான் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் நீட்டிப் படுத்திருக்க, திரௌபதி கூந்தல் முடியும்போது ஜனம் கலங்கத்தான் செய்கிறது. யாரும் நம் கையைப் பிடித்து மயிர்க்காலைச் சோதிப்பதில்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. கூத்தில் ராஜா திரைக்குப் பின்னால் நின்று தன் புகழைத் தானே பாடிக்கொண்டுதான் வருவார். ஆனால் பக்கத்திலேயே கட்டியங்காரன் இருப்பான். ராஜா எட்டுத் திக்கும் ஜெயித்த கதையைச் சொல்லி முடிப்பதற்குள், "சரி, நேத்து டீக்கடை பாக்கியக் குடுத்தீங்களா?" என்பான். சிரித்து முடித்தபிறகு அந்த ராஜாவை மனசார நம்ப முடிகிறது. புகழ் ரொம்ப ஏறிவிடாமல் வால்வைத் திறந்துவிடுகிற வேலை அவனுடையது. பத்தொன்பதாவது பாகத்தின் புகழுக்கு அப்படி ஒரு கட்டியங்காரன் இல்லை. எல்லாருமே ராஜா பக்கம்.

"எப்படி மாமா?" என்றான் மருமகன்.

"பாட்டு நல்லா இருந்துச்சுடா."

அவன் முகம் போன போக்கைப் பார்த்து, ஜன்னல் வழியே பெருமுக்கல் மலையைப் பார்க்க ஆரம்பித்தேன். 1760இல் இங்கிலீஷ்காரர்கள் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து சண்டை போட்டுப் பிடித்த கோட்டை மேலே இடிந்து கிடக்கிறது. சீதை தங்கியிருந்து லவகுசர்களைப் பெற்ற இடம் என்று ஊரில் சொல்லும் குகையும் அங்கேதான். அக்கா கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் "மேலே போய்ப் பார்த்துட்டு அழு" என்று அந்த ஊரில் ஒருத்தர் என்னிடம் சொன்னதில்லை.

கோபத்தில் மருமகன் அடுத்த பாகத்தை ஓடவிட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். காவல் போனதும் காலை நீட்டிக்கொண்டேன். அங்கேதான் விஷயம். வெட்டுப்பட்ட தலை பேசுகிறது! நாயகனின் வாள் விழுவதற்கு முன்பே ரூயி தன் நூலாலேயே தன் தலையை அறுத்துக்கொண்டுவிட்டானாம். உலகம் கண்ணீர் விட்ட அந்த வெட்டு செல்லாது! தலையில்லாத உடம்பு எழுந்து நடக்க, வேறொருவர் அமைதியாக வந்து கணக்கை முடித்துவிட்டுப் போகிறார். தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். கட்டியங்காரன் ஒரு வாரம் தாமதமாக வந்திருக்கிறான், அவ்வளவுதான்.

சத்தம் கேட்டு ஓடிவந்த மருமகன், "பிடிச்சிருக்கா மாமா?" என்றான். வாய்வரைக்கும் வந்ததை விழுங்கினேன். புகழ்ந்தால் அதையும் நாலு பேரிடம் கொண்டுபோய் அவர்கள் கையைப் பிடித்துச் சோதிப்பான். இதைப் படித்துவிட்டு இருபதாவது பாகத்தைத் தேடப்போகிற உங்களுக்கும் அவனுக்குச் சொன்னதையே சொல்கிறேன்.

சுமார்தான்.