நண்டுக்குக் காத்திருப்பவர்

சிங்கப்பூர் அலுவலகங்களில் இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். கணக்குப் பிரிவில் மூலை மேசை. மாதக் கடைசியில் தலை நிமிர மாட்டார். டைரக்டர் கூப்பிட்டால் பாதி வடையை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார். ஆனால் வருஷத்தில் இரண்டு மூன்று வாரம் அவர் நாற்காலி காலியாகக் கிடந்தால், லிம் சூ காங் காட்டுக்குள் எங்கோ நூறு பேர் அவருக்கு சல்யூட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். நம்மாள் ரிசர்விஸ்ட் கேப்டன்.

1967 முதல் அந்த நாட்டில் ஆண்பிள்ளையாகப் பிறந்தவனுக்கு கட்டாய தேசிய சேவையிலிருந்து தப்பிக்க வழியில்லை. பதினெட்டு வயதில் இரண்டு வருஷம் முழுநேர சேவை. அது முடிந்தால் பத்து வருஷச் சுற்று, வருஷத்துக்கு 40 நாள் வரை எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். பெரும்பாலோர் இதை வாடகை மாதிரி கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நம்மாள் அப்படியில்லை. ஆபீசர் கேடட் ஸ்கூலில் தேர்ந்து ஒற்றைக் கோட்டு செகண்ட் லெஃப்டினன்டாக வெளியே வந்தவர். ஒன்று இரண்டாகி லெஃப்டினன்ட், இரண்டு மூன்றாகி கேப்டன். அலுவலகத்தில் இத்தனை வருஷமாக அவர் ‘சீனியர் எக்ஸிகியூட்டிவ்’.

பதவி உயர்வு எப்படி வருகிறது என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் உங்கள் மதியச் சாப்பாடு ஆறிவிடும். கோர்ஸ் முடிக்க வேண்டும், கேம்புக்குக் கேம்ப் மேலதிகாரி நல்ல ரிப்போர்ட் எழுத வேண்டும், ஐபிபிடி என்கிற உடற்தகுதித் தேர்வு இருக்கிறது என்று விரல் மடக்கிக்கொண்டே போவார். எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் மடக்காமல் விடும் விரல் ஒன்று உண்டு: மேலே இடம் காலியாக வேண்டும். அவர் கம்பெனி கமாண்டர் ஆன கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்னே இருந்தவருக்கு லண்டனுக்கு மாற்றல். அடுத்து வரவேண்டியவருக்கு முதுகுவலி. அதற்கும் அடுத்தவர் வீட்டில் இரட்டைக் குழந்தை. கேம்புக்கு வராமலிருக்க ஒரு காரணமும் கண்டுபிடிக்கத் தெரியாத ஒரே ஆள் நம்மாள்தான். தலைமைப் பண்பு என்பது இதுவாகவும் இருக்கலாம்.

ஐபிபிடி வருகிறது என்றால் புளோக்கைச் சுற்றி ராத்திரி ஓட்டம் தொடங்கும். தண்டால், சிட்-அப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம், இந்த மூன்றுக்கும் மதிப்பெண். தங்கம் வாங்கினால் 500 வெள்ளி பரிசு. நம்மாளுக்குத் தங்கத்தில் ஆசை கிடையாது, பாஸ் போதும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வயதுப் பிரிவு மாறி, தேவைப்படும் எண்ணிக்கை கொஞ்சம் இறங்கும். முப்பத்தேழு வயது பிறந்ததற்குக் கேக் வெட்டிக் கொண்டாடிய மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

“ஏங்க, இந்த ஓட்டத்துல பாதிய ஆபீஸ்ல ஓடியிருந்தா இந்நேரம் மேனேஜர் ஆகியிருப்பீங்க” என்பார் மனைவி.

“அங்க எவ்வளவு நேரத்துல ஓடணும்னு யாரும் எழுதி வைக்கலையே” என்பார் இவர். இதற்கு நானும் பதில் யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அவருடைய பொற்காலம் என்றால், அலுவலக டைரக்டரும் அதே பட்டாலியனில் இருந்த வருஷங்கள்தான். டைரக்டர் அங்கே ஸ்டோரில் கார்ப்பரல். ஒரு கேம்பில் கூடாரத்துக்கு வந்து விறைப்பாக நின்றார்.

“சார், நாளைக்குக் காலையில ஒரு முக்கியமான மீட்டிங். ஒரு மணி நேரம் வெளிய போயிட்டு வந்துரட்டுமா?”

“யோசிச்சுச் சொல்றேன், கார்ப்பரல்.”

சம்பள உயர்வு கேட்டபோது டைரக்டர் இவருக்குச் சொன்ன அதே பதில். ஆனாலும் இரண்டே நிமிஷத்தில் அனுமதி கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை என்று ஒன்று வரும் அல்லவா?

கேப்டனுக்கு அடுத்தது மேஜர். கோடுகள் போய் அரசுச் சின்னம் ஏறும். சிங்கமும் புலியும் தாங்கி நிற்கும் அந்தச் சின்னத்துக்குப் பட்டாளத்துப் பையன்கள் வைத்திருக்கும் பெயர் ‘நண்டு’. அந்த நண்டுக்காக, ரிசர்விஸ்ட் அதிகாரிகளுக்கென்றே நடத்தும் கமாண்ட் அண்ட் ஸ்டாஃப் படிப்பில் சேர்ந்து, பிள்ளை பிஎஸ்எல்இ பரீட்சைக்குப் படிக்கும் மேசையிலேயே எதிரும் புதிருமாக உட்கார்ந்து படித்தார். ஜூலை 1, ஆயுதப் படை தினம் நெருங்கினால் போதும், தபால் பெட்டியை ஒரு நாளைக்கு இரண்டு தடவை திறந்து பார்ப்பார்.

அம்மா பொறுக்கமாட்டாமல் தஞ்சாவூருக்கு முன்கூட்டியே போன் போட்டுவிட்டார். அங்கே இந்திய ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பா போனை வாங்கினார்.

“மேஜராமே! எந்த பார்டர்ல தம்பி?”

“லிம் சூ காங், பெரியப்பா.”

“அங்க பனி ஜாஸ்தியோ?”

“கொசுதான் ஜாஸ்தி, பெரியப்பா.”

இந்தப் பதவி உயர்விலுள்ள வேடிக்கையைக் கேப்டனிடம் யாரும் சொல்லிக்காட்டுவதில்லை. சிப்பாய்களுக்கும் கார்ப்பரல்களுக்கும் 40 வயதோடு கடமை தீர்ந்தது. அதிகாரிகளுக்கு 50. டைரக்டர் கார்ப்பரல் நாற்பதாவது பிறந்தநாளைக் குடும்பத்தோடு பூக்கெட் கடற்கரையில் கொண்டாடினார். அதே வாரம், ஈட்டிய நன்மதிப்புக்குப் பரிசாக நம்மாளுக்குக் கிடைத்தது அடுத்த கேம்பின் திட்டமிடும் கூட்டத்துக்கு அழைப்பு, அதுவும் சனிக்கிழமை. ஐம்பது தாண்டினாலும் விருப்பமிருந்தால் தொடரலாம், அதற்கும் ‘ரோவர்ஸ்’ என்று ஒரு திட்டம் உண்டு. அதன் விவரத்தை இவர் இப்போதே அச்செடுத்து வைத்திருப்பது மனைவிக்குத் தெரியாது.

கடைசியில் நண்டு வந்தது. பட்டாலியனில் இரண்டாம் இடமும் வந்தது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள், டைரக்டர் எழுந்து நின்று கைதட்டினார், சம்பளம் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது.

இனி லெஃப்டினன்ட் கர்னல். அதற்கு இரண்டு நண்டு. இப்போது அந்த நாற்காலியில் இருக்கும் கமாண்டரோ வருஷம் தவறாமல் தங்கம் வாங்குகிறவர், தலைவலி என்றுகூடப் படுக்காதவர், சொந்த நிறுவனம் வைத்திருப்பதால் மாற்றலுக்கும் வழியில்லை. போன கேம்பில் சாப்பாட்டு வரிசையில் நம்மாள் அவர் பக்கத்தில் போய் நின்று, மெதுவாகப் பேச்சை ஆரம்பித்தாராம்:

“சார், துபாயில உங்க பிசினஸுக்கு ரொம்ப நல்ல மார்க்கெட்டாமே?”