தாலி கட்டியது எந்தக் கார்டில்?

கேள்வி: கல்யாணப் படம் எடுத்தவர் "கார்டு கரப்ட் ஆயிடுச்சு" என்று கையை விரிக்கிறார். மாப்பிள்ளையை மறுபடி தாலி கட்டச் சொல்லலாமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: மாப்பிள்ளை சம்மதித்தாலும் சமையல்காரருக்கு யார் பணம் கொடுப்பது? முதலில், அந்தக் கார்டில் இனி ஒரு படம்கூட எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சாதாரணமாக ஃபார்மேட் செய்தால்கூட அழிவது பெரும்பாலும் பொருளடக்கம்தான். புதுப்படம் மேலே ஏறும்வரை பழையது உள்ளேயே கிடக்கும். மீட்பு மென்பொருள் பல சமயம் தோண்டி எடுத்துவிடும்.

விவரமான ஆட்கள் இரண்டு கார்டு போடும் கேமராவில், ஒரே படத்தை இரண்டிலும் பதிகிறார்கள். எடுத்து முடித்த கார்டைப் பெட்டியில் கவிழ்த்து வைப்பார்கள், கவிழ்ந்திருந்தால் தொடக்கூடாது. எஸ்.டி. கார்டின் ஓரத்தில் குட்டித் தாழ்ப்பாள் ஒன்றும் உண்டு. கீழே தள்ளினால் கேமரா எழுதாது, அழிக்காது. பலர் அதை அழகுக்கு வைத்திருப்பதாக நினைக்கிறார்கள்!

அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பரப்பிய கணக்கு 3-2-1: மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு இடத்தில். மூன்று ஹார்ட் டிஸ்க்கையும் ஒரே பையில் வைத்தால் திருடனுக்குத்தான் சௌகரியம். ஒன்றை மாமனார் வீட்டில் வைக்கலாம், சீர் பாக்கி எதுவும் இல்லையென்றால்.