மாட்டுப் பண்ணயத்துல ஒரு குதிரை

வா மாப்ள, வா. அந்தியூர் குருநாதசாமி நோம்பிக்கு மாடு வாங்கப் போயி குதிரையோட வந்த மகராசனல்ல நீ! ஊரே உன்னையப் பாக்குது. நான் உன் கட்டுத்தரையைத்தான் பாத்தேன். குறுக்குச் சட்டத்துல பாதியைக் காணோம், பல்லுத்தடம் வரிவரியா நிக்குது. மண்சுவத்தை நக்கி நக்கி ஒரு சாண் குழி பண்ணி வெச்சிருக்குது.

அதுக்கு நீ என்ன பண்ணுனே? மந்திரிச்சுக் கயிறு கட்டுனே. அப்பறம் டவுனுக்குப் போயி ரெண்டு தினுசுச் சத்து டப்பா வாங்கியாந்தே. கயிறு சும்மா தொங்கிட்டுக் கெடக்கும், கெடுதலில்லை. டப்பா அப்படியில்லை. செலீனியம்னு ஒண்ணு அதுல இருக்கும். துளியூண்டு இல்லாமப் போனா சதை கெடும். எச்சாப் போச்சுன்னா பிடரி மயிரும் வாலும் கொட்டும், கொளம்பு வெடிக்கும். நீயோ ரெண்டையும் கலந்து கைநெறைய அள்ளிப் போடற தர்மப்பிரபு.

சட்டத்தை எதுக்குக் கடிக்குதுங்கறே? வேலையில்லாமத்தான். நாளெல்லாம் 14, 16 மணி நேரம் மேயற சென்மம் அது. நீ காலையில ஒரு கட்டு, பொழுதோட ஒரு கட்டுன்னு போட்டுட்டுப் போயிர்றே. மாடுன்னா படுத்து அசை போடும். இது எதை அசை போடறது? 400 கிலோ குதிரைக்கு 6 கிலோக் காஞ்ச புல்லாச்சும் நாள்பூரா விட்டுவிட்டுக் கெடைக்கோணும்.

சுவத்தை நக்குறதுக்கு மொதல்ல கல்லுப்பைப் பாரு. சும்மா நிக்கிற நாளுக்கே 25 கிராமு வேணும். வேர்க்க வேர்க்க ஓட்டுனா ரெண்டு மூணு பங்கு. குதிரை தானாத் தேடித் திங்கிற தாது அது ஒண்ணுதான். மத்ததை அதும்பட வாய்க்கு வெளங்காது. ஆஸ்திரேலியாவுல குதிரைங்க மண்ணு தின்ன எடத்தைச் சோதிச்சாங்களாம், பக்கத்து மண்ணைவிட இரும்பும் செம்பும் எச்சா இருந்துச்சாம். அதுக்காகத் திங்கட்டும்னு விட்றாதே. மணலு குடல்ல தங்குச்சுன்னா வயித்துவலியில உருண்டு பெரண்டு போயிரும். நாளைக்குக் குட்டி போட்டு, அது தாயோட லத்தியைத் தின்னுச்சுன்னா மட்டும் பதறாதே. மொத மாசம் அப்படித்தான், குடலுக்கு வேண்டிய கிருமியைச் சேத்துக்குது.

இப்ப உன் பெரிய தர்மத்துக்கு வர்றேன். தெனம் ரெண்டு வேளை தவுடு! கோதுமைத் தவுட்டுல பாஸ்பரஸ் இருக்கறதுல பத்துல ஒரு பங்குதான் சுண்ணாம்புச்சத்து. குதிரைக்கோ சுண்ணாம்பு ஒண்ணரைப் பங்காச்சும் முன்னால நிக்கோணும். இல்லாட்டி எலும்புல இருந்து உருவிக்கும். நகையை அடகு வெச்சு மொய் எழுதற குடும்பம் மாதிரி, ரத்தத்துல கணக்குச் சரியா இருக்கும், உள்ள எலும்பு கரைஞ்சுட்டிருக்கும். ரத்தப் பரிசோதனை நல்லாருக்குதுன்னு நீயும் மீசையை முறுக்கிட்டுத் திரிவே. கடைசியில மூஞ்சி வீங்கி, மெல்ல முடியாம நொண்டிட்டு நிக்கும். வெள்ளைக்காரன் சீமையில மாவு மில்லுக்காரங்க குதிரைக்குத்தான் இது வந்துட்டிருந்துச்சு. தவுடு சும்மா கெடைச்சுதே, அதனால.

நம்ம கொறங்காட்டுக் கொழுக்கட்டைப் புல்லுலயும் ஒரு சங்கதி இருக்குது. அதுல இருக்கற ஆக்சலேட்டு சுண்ணாம்பைக் கட்டிப்போட்டுரும். மாட்டு வயித்துக் கிருமி அதைச் செரிச்சுப்புடும், குதிரைக்கு அந்தக் குடுப்பினை இல்லை. கம்பு நேப்பியரும் அப்படித்தான். கோழித் தீவனத்துப் பக்கமே விட்றாதே. அதுல மோனென்சின் இருந்தா கோழிக்கு மருந்து, குதிரைக்குச் சாவு.

நீ ஒருத்தன்தான் இப்படின்னு வருத்தப்படாதே. 13ஆம் நூத்தாண்டுல மார்க்கோ போலோ நம்ம பாண்டியன் சீமையைப் பத்தி எழுதி வெச்சிருக்கான். ராசா வருசத்துக்கு 2000 குதிரைக்கு மேல கப்பல்ல வாங்குவாராம், கறியும் சோறும் சமைச்சுப் போடுவாங்களாம், வருசக் கடைசியில நூறுகூட மிஞ்சாதாம். அரபுக்காரனுக்கு நல்ல யாவாரம்.

நாலு பாத்தி குதிரைமசால் வெதைச்சு உடு, சுண்ணாம்புச்சத்து அதுல தாராளம். கால்நடை டாக்டரைக் கூட்டியாந்து தீவனக் கணக்கையே மொதல்ல காட்டு. அந்தத் தவுட்டு மூட்டை மூணையும் நாளைக்கு வண்டியில ஏத்தி எஞ்சாளைக்கு அனுப்பிவெச்சுரு, எருமைக்கு ஆகும். வண்டி வாடகை உன்னோடது.