சைலன்சர் வித்துவான்

ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியானாலும் முத்தியால்பேட்டையானாலும், தாழ்வாரத்தில் பழைய புல்லட்டை நிறுத்தி, கம்பெனி சைலன்சரின் வயிற்றைக் கிரைண்டரால் கிழித்து, உள்ளிருக்கும் தடுப்புத் தகடுகளைப் பிடுங்கியெறிந்து, தாமே துளையிட்ட இரும்புக் குழாயில் கிளாஸ் ஊலைச் சுற்றிச் செருகி வெல்டிங் வைக்கும் அந்த மகானுபாவரை அறியாதவர் புதுச்சேரியில் இருக்க முடியாது. புகை நேரே வெளியேற, ஓசை மட்டும் துளைகளின் வழியே பஞ்சில் புகுந்து சூடாகி அடங்க வேண்டும் என்பது சாஸ்திரம். அவர் சுற்றும் பஞ்சோ சில தினங்களில் புகையோடு பறந்துவிடும். எஞ்சியது அவர் முழங்கையில் ஒட்டிக்கொள்ள, சதா சொறிந்துகொண்டே பேசுவார்.

குழாய் செய்வதோடு நின்றிருந்தால் நமக்கு அவரிடம் விரோதமில்லை. அவருக்கு வேண்டியது நம் அபிப்பிராயம். "சார், ஒரே நிமிஷம், வந்து கேட்டுட்டுப் போயிடுங்க" என்பார். போனால், வண்டிக்குப் பின்னே ஆறடி தள்ளி நம்மை நிறுத்தி, கிக்கரை உதைத்து, தெருவே அதிர ஆக்சிலேட்டரை முறுக்கி, "பேஸ் வந்திருக்கா?" என்று கேட்பார். வந்திருக்கிறது என்றால் போன வாரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று பரீட்சை வைப்பார். வரவில்லை என்றோமானால் தொலைந்தோம். அங்கேயே கழற்றி, இரண்டு அங்குலம் அறுத்து, மறுபடி மாட்டி, நம்மை இடப்பக்கம் நிறுத்தி மறுபடி உதைப்பார். "போன வாரம் தகரமா அடிச்சுது சார். இப்ப நாபியிலேர்ந்து வருது பாருங்க!"

ஞானம் இல்லாதவர் என்று சொல்வதற்கில்லை. காந்தி வீதியில் ஒரு புல்லட் வரும்போதே, கண்ணை மூடிக்கொண்டு, அது திருவொற்றியூரில் வார்ப்பிரும்பு எஞ்சினோடு பிறந்ததா, பின்னால் வந்த அலுமினிய எஞ்சினா என்று சொல்லிவிடுவார், தப்பாது. அந்த நேரத்து முகத்தைப் பார்த்தால் நமக்கே கொஞ்சம் பொறாமையாக இருக்கும்.

ஆனால் அவர் கச்சேரிக்குத் தேர்ந்தெடுக்கும் வேளை இருக்கிறதே! 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சியைக் கொடுத்துவிட்டுப் போன பிரெஞ்சுக்காரர், மத்தியானம் கடையடைத்துக் கண்ணயரும் நல்ல வழக்கத்தை நம்மிடமே விட்டுப் போனார்கள். ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் இடையிலான அந்தத் தூக்கத்தைத்தான் இவர் தினந்தோறும் கொலை செய்கிறார். தெரு காலியாக இருந்தால்தான் நாதம் சுத்தமாகக் கேட்குமாம்.

சட்டம் தெரியாதவரும் அல்லர். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, சத்த விதியை மீறினால் முதல் முறையே மூன்று மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ உண்டென்று நமக்குச் சொன்னவரே அவர்தான். ஆகையால், காயலான் கடையில் வாங்கிய இன்னொரு கம்பெனி சைலன்சரைப் போலீஸ்காரருக்கென்றே துடைத்து வைத்திருக்கிறார். தெருமுனையைத் தாண்டுமுன் அதை மாட்டிக்கொண்டு பரமசாதுவாகப் போய் வருவார். இத்தனை அறுவையிலும் வெல்டிங்கிலும் பிறந்த நாதம் நம் தெருவைத் தாண்டி வேறெவர் காதிலும் விழுவதில்லை. வந்ததும் வராததுமாக அதைக் கழற்றிவிட்டுச் சொந்தப் படைப்பை மாட்டி, நம் ஜன்னலைத் தட்டுவார்.

"சார், தூங்கிட்டீங்களா? ரெண்டு ஓட்டை கூடப் போட்டிருக்கேன்."