நாற்காலிக்கு வந்த பழக்கூடை

(இந்த வாரம்: மாநகராட்சி, நகராட்சி அலுவலகங்களின் நேர்மை பற்றிய கேள்விகள்)

கேள்வி: தீபாவளிக்கு ஒப்பந்ததாரர் ஒருவர் என் வீட்டுக்குப் பழக்கூடை அனுப்பினார். நான் கேட்கவில்லை. அவருடைய பில் எதுவும் இப்போது என் மேசையில் இல்லை. வாங்கினால் தப்பா?
*– நகராட்சிப் பொறியாளர் ஒருவர்*

பதில்: நாளைக்கே நீங்கள் ஓய்வு பெற்றால், அடுத்த தீபாவளிக்கு அந்தக் கூடை எந்த வீட்டுக்குப் போகும்? உங்கள் இடத்துக்கு வந்தவர் வீட்டுக்கு என்றால், அது நாற்காலிக்கு வந்த கூடை. நாற்காலி உங்களுடையது இல்லை. ஊழல் தடுப்புச் சட்டம் ரூபாய் நோட்டை மட்டும் குறிவைக்கவில்லை. காசால் அளக்க முடியாத ஆதாயத்தையும் சேர்த்தே சொல்கிறது. அலுவல் தொடர்பு உள்ளவரிடம் விலை கொடுக்காமல் ஆதாயம் பெறுவதை 11-ஆம் பிரிவு தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது. கூடையைத் திருப்பி அனுப்பிவிட்டு, மேலதிகாரிக்கு இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். பழம் அழுகுவதற்குள் செய்யுங்கள்.

கேள்வி: வேலை முடிந்த பிறகு, மனசார நாமே கொடுப்பதில் என்ன குற்றம்?
*– வீடு கட்டியவர், தாம்பரம்*

பதில்: நீங்கள் மனசாரக் கொடுத்தது, வரிசையில் அடுத்து நிற்பவருக்கு விலையாகிவிடும். நன்றி சொல்ல ஒரு வெள்ளைத் தாள் போதும். அந்த ஊழியரின் பெயரைக் குறிப்பிட்டு ஆணையருக்குப் பாராட்டுக் கடிதம் எழுதுங்கள்.

கேள்வி: பிறப்புச் சான்றிதழுக்குப் போனால் ‘டீ செலவுக்கு’ என்று கேட்கிறார்களே?
*– இளம் தந்தை, திண்டுக்கல்*

பதில்: டீக்கு விலை உண்டு, கையெழுத்துக்குக் கிடையாது. குழந்தை பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணமே இல்லை. சான்றிதழையும் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம்.

கேள்வி: கொடுத்தால்தான் ஃபைல் நகரும் என்கிற நிலையில் கொடுத்தவனும் குற்றவாளியா?
*– சிறுவணிகர், ஈரோடு*

பதில்: 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி, ஆம். லஞ்சம் கொடுத்தவருக்கும் 7 ஆண்டுவரை சிறை உண்டு. ஆனால், நிர்ப்பந்தத்தால் கொடுத்தவருக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது: கொடுத்த 7 நாளுக்குள் காவல்துறைக்கோ லஞ்ச ஒழிப்புத் துறைக்கோ தெரிவித்துவிட்டால் அவர் மேல் குற்றமில்லை.

கொடுப்பதற்கு முன்பே போவது இன்னும் நல்லது. நோட்டுகளில் பினாப்தலீன் பொடியைத் தடவி உங்களிடமே தருவார்கள். அதை வாங்கிய விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் கரைசல் இளஞ்சிவப்பாக மாறும். வாய் மறுத்தாலும் விரல் சொல்லிவிடும்.

கேள்வி: புகார் கொடுத்தவர் கோர்ட்டில் பல்டி அடித்துவிட்டால் வழக்கு அவ்வளவுதானா?
*– சட்டக் கல்லூரி மாணவி, மதுரை*

பதில்: இல்லை. கேட்டதும் வாங்கியதும் நிரூபணமாக வேண்டும், அது உண்மை. ஆனால் புகார்தாரர் இறந்துபோனாலும் பிறழ்சாட்சி ஆனாலும், மற்ற சாட்சியங்களையும் சூழ்நிலைகளையும் வைத்தே அதை நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. மிரட்டிச் சாட்சியை மாற்றியவர்கள் நிம்மதியாகத் தூங்க முடியாது.

கேள்வி: எங்கள் வார்டு கவுன்சிலர் ஒரு பெண். ஆனால் மனு வாங்குவது, அதிகாரிகளிடம் பேசுவது எல்லாம் அவர் கணவர்தான். என்ன செய்வது?
*– குடும்பத் தலைவி*

பதில்: மனுவைக் கவுன்சிலர் பெயருக்கே எழுதி, அவர் கையிலேயே கொடுங்கள். பதிலையும் அவரிடமே கேளுங்கள். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. அந்த இடத்தை வீட்டுக்காரர் உள்குத்தகைக்கு எடுக்க முடியாது. ‘நான் சொல்லி முடித்துத் தருகிறேன்’ என்று பணம் கேட்டால் அது வேறு கதை. அதிகாரியிடம் செல்வாக்கைக் காட்டி வேலையை முடித்துத் தருவதாகக் காசு வாங்குகிறவருக்கு, பதவி இல்லாவிட்டாலும், ஊழல் தடுப்புச் சட்டத்தின் 7-அ பிரிவின்படி 3 முதல் 7 ஆண்டு சிறை.

கேள்வி: கவுன்சிலர் காண்ட்ராக்ட் எடுக்கக் கூடாது, சரி. மச்சான் பெயரில் எடுத்தால்?
*– ஓய்வுபெற்ற ஆசிரியர், காஞ்சிபுரம்*

பதில்: பக்கத்து ஊர்க் கல்வெட்டையே கேட்போம், ஐயா. உத்திரமேரூரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன்னால் வெட்டியது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடவோலையில் எழுதக் கூடாது என்கிறது. அதோடு விடவில்லை. அவருடைய அப்பா, மகன், மாமனார், மருமகன், மனைவியின் உடன்பிறந்தவன் என்று உறவுகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவர்களுக்கும் இடமில்லை என்கிறது. மச்சானை அன்றைக்கே தெரிந்து வைத்திருந்தார்கள்!

இன்றைய சட்டப்படி, மாநகராட்சி ஒப்பந்தத்தில் பங்கு இருந்தால் கவுன்சிலர் பதவிக்கே ஆபத்து. பங்கு மச்சான் பெயருக்குள் ஒளிந்திருந்தால், அதைக் காகிதத்தில்தான் பிடிக்க வேண்டும். பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, ஒப்பந்தம் யார் பெயரில், எவ்வளவுக்கு, பில் எப்போது பாஸ் ஆனது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

கேள்வி: இத்தனை சட்டம் இருந்தும் ஏன் நிற்கவில்லை?
*– ஐ.டி. ஊழியர், சென்னை*

பதில்: தண்டனை வழக்கு முடிந்த பிறகு வருகிறது, காத்திருப்பு இன்றைக்கே வலிக்கிறது. அந்த வலிக்குத்தான் லஞ்சம் விலை பேசுகிறது. ஆகவே காத்திருப்பைக் குறைக்கிற விதியே நல்ல விதி. 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் வந்த சுயசான்று முறையைப் பாருங்கள். 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடிவரை வீடு கட்ட இணையத்திலேயே உடனடி அனுமதி. கையெழுத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத இடத்தில் கை நீட்ட ஆள் இல்லை.

கேள்வி: போன மாதம்தான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். சுற்றி இருப்பவர்கள் ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்கிறார்கள். பயமாக இருக்கிறது.
*– பெயர் வேண்டாம்*

பதில்: அந்தப் பயம் போய்விடாமல் பார்த்துக்கொள், தம்பி. மூன்று பழக்கம் போதும். மனுவை வந்த தேதி வரிசையில் எடு. ஒப்புகைச் சீட்டைக் கேட்பதற்கு முன்பே கொடு. முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கொடு. இந்த மூன்றும் இருக்கிற மேசையில் பேரத்துக்கு இடம் கிடைக்காது.

நாளைக்குக் கணவரின் இறப்புச் சான்றிதழுக்காக ஓர் அம்மா உன் முன்னால் வந்து நிற்பார். அவருக்கு அரசாங்கம் என்றால் நீதான். அவர் முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் நூறு ரூபாய் ஊருக்குத் திரும்பும் பஸ்ஸுக்கு. அந்த முடிச்சு உன் மேசையில் அவிழாமல் பார்த்துக்கொள்.