சூரியனுக்கு அரைநாள் லீவு

1950-இல் அமெரிக்காவின் முன்னாள் முதல் பெண்மணி எலினோர் ரூஸ்வெல்ட் வருகிறார் என்று, பின்லாந்தின் ரோவனியேமி அருகே ஆர்க்டிக் வட்டத்தில் அவசரமாக ஒரு மரக்குடில் எழுந்தது. பெரிய மனிதர் வந்தால்தான் ஊரில் கட்டட வேலை நடக்கும். அங்கும் அப்படித்தான் போலும். இன்று அதைச் சுற்றிக் கிறிஸ்துமஸ் தாத்தாவின் கிராமமே இருக்கிறது.

டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் 11 மணி வாக்கில் எழுந்து, ஒன்றரை வாக்கில் கடையைக் கட்டிவிடும். அதற்குள் நாய் வண்டி, கலைமான் சவாரி, பனிச்சறுக்கு எல்லாவற்றிலும் சுற்றுலா வந்த குடும்பம் சிரித்தபடி போட்டோ எடுத்தாக வேண்டும். கையுறையைக் கழற்றினால் விரல் விறைக்கும். கழற்றாவிட்டால் போன் திறக்காது. நாய்கள் மட்டும் உண்மையாகவே ஓட ஆசைப்படுகின்றன.

கிராமத்தின் தரையில் ஆர்க்டிக் வட்டக் கோடு வரைந்திருக்கிறார்கள். அசல் வட்டமோ ஆண்டுக்குச் சுமார் 14 மீட்டர் வடக்கே நகர்கிறது. நகரட்டும், நினைவுப்பொருள் கடைகளைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னால் யார் ஓடுவது?